விகிதமும் பதிவேடும்: பதுளையின் இருமொழி நிருவாகம் குறித்த ஒரு மறுவாசிப்பு

இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளை மாவட்டத்தின் இருமொழி நிருவாகம் 1999 நவம்பரில் வெளியான வர்த்தமானிப் பிரகடனத்தோடு தொடங்குவதாகவே மொழியுரிமை ஆய்வுகள் பெரும்பாலும் எழுதி வந்திருக்கின்றன. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹாலிஎல முதலிய பிரதேச செயலகப் பிரிவுகளில் தமிழரின் விகிதம் தேவையான அளவைத் தாண்டியிருந்தது. அதனால் அங்கே தமிழும் நிருவாக மொழியாயிற்று. நடைமுறை மட்டும் பிரகடனத்தை எட்டவில்லை என்பது அந்த வாசிப்பின் சாரம். கடைசிக் கூற்றில் எனக்குப் பிணக்கில்லை. முன்னிரண்டும் மூலத்தைச் சரியாக வாசித்ததால் வந்தவையா என்பதே என் கேள்வி.

அந்த மூலம், 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்தால் இன்றைய வடிவம் பெற்ற, அரசியலமைப்பின் 22(1)ஆம் உறுப்புரையின் காப்பு வாசகம். உதவி அரசாங்க அதிபர் பிரிவொன்றில் (இன்றைய வழக்கில் பிரதேச செயலகப் பிரிவில்) சிங்கள அல்லது தமிழ் மொழிச் சிறுபான்மையினர் மொத்த மக்கள் தொகையில் வகிக்கும் விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு, அப்பிரிவில் இரு மொழிகளையும் நிருவாக மொழியாகப் பயன்படுத்தும்படி ஜனாதிபதி பணிக்கலாம் என்கிறது அது. எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம், என்ற அளவு ஆய்வுகளிலும் அறிக்கைகளிலும் அரசியலமைப்பின் கட்டளைபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. காப்பு வாசகத்தில் அந்த எண் இல்லை. வேறெந்த எண்ணும் இல்லை. நிருவாக வசதிக்காக வைத்துக்கொண்ட அளவுகோல், எடுத்தாண்டு எடுத்தாண்டே சட்டத்தின் நிறம் பெற்றுவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் எதை எண்ணுவது என்பதில் இருக்கிறது. காப்பு வாசகம் பேசுவது மொழிச் சிறுபான்மையைப் பற்றி. கையில் எடுக்கப்படுவதோ இனவாரி அட்டவணை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தனர். அவர்களில் இந்தியத் தமிழர் எனப் பதிவானோர் ஏறத்தாழ 18.5 வீதம், இலங்கைத் தமிழர் மூன்று வீதத்துக்கும் குறைவு, சோனகர் ஐந்தரை வீதமளவில். பதுளை நகரிலும் வெலிமடைப் பக்கத்திலும் வீட்டில் தமிழ் பேசும் சோனகரை மொழிச் சிறுபான்மைக் கணக்கில் சேர்க்காமல் விட நியாயமே இல்லை. அவர்களைச் சேர்த்தால் மாவட்டத்தின் தமிழ் பேசுவோர் கால்பங்கைத் தாண்டிவிடுவர். எல்லாச் சோனகரும் தமிழ் பேசுவோர் என்று நான் சொல்ல வரவில்லை; ஊவாவில் வீட்டிலும் பள்ளியிலும் சிங்களத்துக்கு மாறிய குடும்பங்கள் உண்டு. அதை இனவாரி அட்டவணை காட்டாது என்பதும் என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. தாய்மொழி எது என்ற அட்டவணை இல்லாமல் இந்தக் காப்பு வாசகத்தை அதன் சொற்படி நிறைவேற்ற முடியாது.

விகிதத்தை அடிப்படையாகக் கொள்ளாத ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு ஜெர்மனியின் கோட்புஸ் நகரைப் பார்க்கலாம். கீழ்ச் சோர்பிய மொழியில் அந்நகரின் பெயர் ஹோஷெபுஸ். பல்கலைக்கழக நகரமான அதன் தெருப்பலகைகளில் இரு மொழிகள் இருக்கின்றன. கீழ்ச் சோர்பியத்தை அன்றாடம் பேசுவோர் மிகச் சிலரே. பிராண்டன்பர்க் மாநிலம் 1994இல் இயற்றிய சோர்பியர் சட்டம் தலைகளை எண்ணவில்லை. சோர்பிய மொழி அல்லது பண்பாட்டு மரபு தொடரும் குடியிருப்புப் பகுதி எது என்று கேட்டது. சோர்பியர் யார் என்பதை அவரவர் கூற்றுக்கே விட்டு, அக்கூற்றை யாரும் மறுக்கவோ ஆராயவோ கூடாது என்றும் விதித்தது. சோர்பியர் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்த மண்ணில் இருப்பவர்கள், மலையகத் தமிழர் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டவர்கள், எனவே ஒப்பீடு பொருந்தாது என்பார்கள். 22ஆம் உறுப்புரை யாரிடமும் வந்த ஆண்டைக் கேட்கவில்லை. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இனி, பிரகடனம் உண்மையில் எதைத் தந்தது? தமிழில் கடிதம் எழுதவும் அலுவலரிடம் தமிழில் கருமமாற்றவும் தமிழிலேயே பதில் பெறவும் உள்ள உரிமை 22(2)இல் இருக்கிறது. சிங்களம் மட்டுமே நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அது செல்லும். விகிதத்தோடு அதற்குத் தொடர்பில்லை. பிரசைக்கு மட்டும் என்றும் அது வரையறுக்கவில்லை. 1988இல் தோட்டங்களில் இன்னும் நாடற்றோராயிருந்த பலருக்கு இது சிறிய செய்தியல்ல. மொனராகலை மாவட்டத்து றப்பர்த் தோட்டங்களில் சிறு தொகையாக வாழும் தமிழருக்கும் இதே உரிமை உண்டு. பிரகடனம்தான் தமிழரை அலுவலகத்துக்குள் பேசவிட்டது என்ற வாசிப்பு இங்கே தளர்ந்துவிடுகிறது.

பிரகடனத்தின் தனிப் பயன் வேறு. 22(1)இன்படி நிருவாக மொழி என்பது பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழியும் ஆகும். 22(2) மட்டும் உள்ள இடத்தில் தமிழருக்குக் கிடைக்கக்கூடியது சிங்களப் பதிவின் மொழிபெயர்ப்பு. இருமொழிப் பிரிவிலோ மூலப் பதிவே தமிழில் இருக்கலாம். இருக்க வேண்டும் என்பதே என் துணிபு. இந்த வேறுபாட்டை ஆய்வுகள் இதுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தோட்டத்து வாழ்க்கையில் தலைவலி தொடங்குவதே இங்கேதான்.

பழனியம்மா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் ழகரம் இல்லை. எழுதுபவர் லகரமோ ளகரமோ போடுவார். அந்தப் பதிவிலிருந்து தமிழுக்குத் திரும்பும்போது அவர் பலனியம்மா ஆகலாம், பளனியம்மாவும் ஆகலாம். தகப்பன் பெயர் பெருமாள் என்றால், தமிழின் ஒரே பகரத்துக்குச் சிங்களத்தில் இரண்டு எழுத்துகள் காத்திருக்கின்றன. எதை இடுவது என்பது எழுதுபவரின் காதைப் பொறுத்தது. தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிய வடிவம் மூன்றாவது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல் மூன்றும் ஒத்துப்போகாத ஒருவர் ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவருகிறது. மொழிபெயர்ப்பு எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும் இது தீராது, ஏனென்றால் மூலத்திலேயே எழுத்து இல்லை.

தோட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காப்பு வாசகத்தின் அலகு பிரதேச செயலகப் பிரிவு. தோட்டத்து மனிதருக்கு டிவிசன் என்றால் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று தோட்டத்துக்குள் இருக்கும் பிரிவு. பிறப்பு இறப்பு முதலில் போய்ச் சேர்ந்ததும் தோட்ட நிருவாகத்திடமே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம்கூட, 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. லயங்களில் முழுக்க முழுக்கத் தமிழர் வாழும் ஓரிடம், சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களோடு ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டதும் விகிதத்தில் கரைந்துபோகிறது. சராசரி எடுக்கும் எந்த முறையிலும் இது நடக்கும். ஊவாவின் குடியிருப்பு அமைப்பில் கூடுதலாக நடக்கும்.

தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாமல் இதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்பது ஆளணி பற்றிய கேள்வி, உறுப்புரையின் பொருள் பற்றியதல்ல. பதுளைக் கடைவீதியில் எல்லோரும் இரண்டு மொழியும் பேசுகிறார்களே என்பதும் பதிலாகாது. கடைக்காரர் யாருக்கும் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதில்லை.

நிருவாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகக் கல்வியின் மொழியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டது; அங்கே கற்கைமொழி ஆங்கிலம். தேசிய மொழியல்லாத மொழியில் கற்பிக்கும் உயர்கல்வி நிலையங்களுக்கு 21(1)இன் காப்பு வாசகம் விலக்களிப்பதால் சட்டத்தில் குறையில்லை. கோட்புஸிலும் நிலைமை அதிகம் வேறல்ல: சோர்பியவியல் துறை இருப்பது லைப்சிக் பல்கலைக்கழகத்தில்.

இருமொழிப் பிரிவுகளின் பட்டியலை மீண்டும் திருத்தும் நாள் வரும்போது, இனவாரி அட்டவணையையும் 12.5 வீதத்தையும் வைத்து அதைச் செய்யக்கூடாது. தாய்மொழி பற்றிய கேள்வியொன்றைக் குடிசன மதிப்பீட்டில் சேர்க்குமாறு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்திடமும், பிறப்புகளின் மூலப் பதிவு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதைப் பிரிவு பிரிவாக வெளியிடுமாறு பதிவாளர் நாயகத்திடமும் இத்துறை ஆய்வாளர்கள் கேட்க வேண்டும்.