பத்து வெள்ளியும் ஒரு பெருங்கணக்கும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவரை அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் பலர் அறிவார்கள். தோட்டப் பாட்டாளிகளின் சேமிப்பை வைத்து அவர் தொடங்கிய நிதிக் கணக்கை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்?

1957-இல் நாடு விடுதலை பெற்றதையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர்த் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி மறுபடியும் விற்றார்கள். தோட்டம் துண்டானால் பாட்டாளிக்கு வேலை மட்டுமா போகும்? குடியிருந்த லயத்து வீடும் சேர்ந்தே போகும். இதைத் தடுக்கவே 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரர்களானார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்களுக்கே சொந்தமாயிற்று.

வாங்கியதோடு கணக்கு முடிந்ததா என்றால், இல்லை. அங்கேதான் தொடங்கியது.

ரப்பர் மரத்தில் சுமார் 25 ஆண்டுகள் பால் எடுத்தபின் வருமானம் குறையும். மறுநடவு செய்தால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1,000 ஏக்கரையும் ஒரே ஆண்டில் மறுநடவு செய்தால் அத்தனை காலமும் வருமானம் இல்லை. ஆண்டுக்கு 40 ஏக்கர் வீதம் நட்டால், எந்த நேரத்திலும் சுமார் 240 ஏக்கர் மட்டுமே பால் தராமல் இருக்கும். செம்பனை நட்டால் மூன்றாண்டில் காய்க்கும். ஆனால் அதற்கு ரப்பரைவிடக் குறைவான ஆட்களே போதும். கையிருப்போ கொஞ்சம். எதை, எப்போது, எவ்வளவு நடுவது?

உலகப் பெருநிறுவனங்களும் இதே வகைக் கேள்வியோடு போராடிக்கொண்டிருந்த காலம் அது. 1947-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக், கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த முடிவைக் கண்டுபிடிக்கும் 'சிம்ப்ளக்ஸ்' முறையை வகுத்தார். 1959-இல் சார்ன்ஸ், கூப்பர், மில்லர் ஆகிய மூவரும் அந்தக் கணிதத்தை நிறுவனங்களின் நிதித் திட்டமிடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1963-இல் வைன்கார்ட்னர், குறைந்த முதலை எந்தத் திட்டங்களில் போடுவது என்பதற்கு அதைப் பயன்படுத்தினார்.

இந்தக் கணிதம் இரண்டைக் கேட்கும். எதைப் பெருக்க வேண்டும்? எந்த எல்லையைத் தாண்டக் கூடாது? லாபம் மட்டுமே குறிக்கோள் என்றால், ஆட்களைக் குறைக்கச் சொல்லும். நகரம் நெருங்கிவந்தால் நிலத்தையே விற்கச் சொல்லும். கிள்ளான் வட்டாரத்தைப் பாருங்கள். ரப்பர் நின்ற இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. 'பாட்டாளியின் வேலையும் வீடும் போகக் கூடாது' என்பதையும் ஓர் எல்லையாக எழுதிவிட்டால் விடை மாறும். லாபம் சற்றுக் குறையலாம். எவ்வளவு குறைகிறது என்பதையும் கணிதமே காட்டிவிடும். அதற்கு 'நிழல் விலை' என்று பெயர்.

மனிதாபிமானம் வியாபாரத்துக்கு ஒத்துவராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வோருக்கு இதுவே பதில். அதன் விலையைக் கணக்கிட்டு, தாங்க முடியுமா என்று தெரிந்து முடிவெடுக்கலாம். கணினி கூட்டிக் கழித்துத் தரும். எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். மாதம் 10 வெள்ளி கட்டிய பால்மரத் தொழிலாளர்கள் அந்தக் கோட்டை 1960-லேயே போட்டுவிட்டார்கள்.