மதனப்பள்ளி வழியாக வந்த பாட்டு

சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையத்தின் மாங்காய் மண்டிகளைத் தாண்டி பலமநேர், புங்கனூர் என்று போனால் மதனப்பள்ளி வந்துவிடும். அங்குள்ள பெசன்ட் தியசாபிகல் கல்லூரிக்கு நம் தேசிய கீதத்தின் பயணத்தில் ஒரு தனி இடம் உண்டு.

பாட்டு முதலில் ஒலித்தது கல்கத்தாவில், 1911 டிசம்பர் 27 அன்று, காங்கிரஸ் மாநாட்டில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் புகழ்ந்து எழுதியது என்று சில ஆங்கிலப் பத்திரிகைகள் தப்பாகப் போட்டுவிட்டன. 1937இல், பாட்டை எழுதிய தாகூரே கடிதம் எழுதி மறுத்தார். இருந்தும் அந்தப் பழி இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

1919 பிப்ரவரியில் தாகூர் ஓய்வெடுக்க மதனப்பள்ளி வந்தார். ஒரு மாலைக் கூட்டத்தில் இந்தப் பாட்டைப் பாடினார். வங்காளம் தெரியாத மாணவர்களும் பல்லவி வரும் இடத்தில் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். அங்கேயே தங்கி அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தம் கைப்பட எழுதினார். அதில் உள்ள தேதி பிப்ரவரி 28. மூன்று மாதம் கழித்து, ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து, ஆங்கிலேயர் தந்த 'சர்' பட்டம் வேண்டாமென்று வைஸ்ராய்க்குக் கடிதம் போட்டார்.

தாகூரை மதனப்பள்ளிக்கு அழைத்தவர் கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ், அயர்லாந்துக்காரர். 1916இல் டப்ளினில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதியதால், 'நியூ இந்தியா' பத்திரிகை வேலையை இழந்தவர். பாட்டுக்கு மேற்கத்திய முறையில் சுரக்குறிப்பு எழுதியவர் அவர் மனைவி மார்கரெட். சங்கீதம் முறையாகப் படித்த இந்த அம்மாள் லேசுப்பட்டவர் அல்ல. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு டப்ளின் கோட்டையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்து ஜெயிலுக்குப் போனவர். இந்தியாவுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. பேச்சுரிமையை நெரித்த அவசரச் சட்டங்களை எதிர்த்து 1932இல் சென்னையில் பேசினார். ஓராண்டு தண்டனை கிடைத்தது, வேலூர்ச் சிறையில். மெட்டை எழுதிவைத்த ஊருக்கும் அவரைப் பூட்டிவைத்த ஊருக்கும் இடையிலேதான் பங்காருபாளையம் இருக்கிறது.

1942இல் சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் ஹாம்பர்க்கில் ஜெர்மன் இசைக்குழு இந்தப் பாட்டை வாசித்தது. 1950 ஜனவரி 24 அன்று அது தேசிய கீதமானது. அதிகாரத்தை எதிர்த்து நின்றவர்கள் தூக்கிவந்த பாட்டு, அன்றிலிருந்து அதிகாரத்தின் பாட்டும் ஆயிற்று.

1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் அதைப் பாட மறுத்தார்கள். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். பள்ளி அவர்களை வெளியேற்றியது. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. மார்கரெட் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எழுந்து நின்றாலே மரியாதைதான், பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி பள்ளிக்கு உத்தரவு போயிற்று.