யாருடைய உடலுக்காக அழுதோம்?
திரையில் சிலுவையும் தலித் கிறித்தவர் கண்ணீரும்



இந்த ஆண்டின் நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நில உரிமை, கல்வி, வன்கொடுமை வழக்கு என்று பேசும் மேடையில் பக்திப் படங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் தெருக்களில் உள்ள கிறித்தவக் குடும்பங்களில் இயேசுவின் பாடுகளைத் திரையில் பார்த்து அழாதவர்கள் குறைவு. எழுத்துக் கூட்டத் தெரியாத நம் பாட்டிமார் ஆணி அறையும் காட்சியில் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாக எதைப் பார்த்து அழுகிறது என்பது அரசியல் கேள்வி. அந்த அழுகை எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்பட்டது, நமக்கு என்ன தந்தது என்ற மூன்றையும் வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

கூடாரமும் கோயிலும்

கதை திருச்சியில் தொடங்குகிறது. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். தமிழர் ஒருவர் தமிழ் மக்களுக்குக் காட்டிய தொடக்ககாலப் படங்களிலேயே சிலுவை வந்துவிட்டது.

அந்தக் கூடாரத்தின் இன்னொரு முக்கியத்துவத்தை ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலைக் கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். எங்கே உட்காருவது என்பதை அங்கே முடிவு செய்தது டிக்கெட் காசு. பிறந்த சாதியைக் கேட்டு இடம் ஒதுக்கவில்லை. காசு பிரித்தபோதும் நம்மவர்களுக்குத் தரைதான் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் காசு கையில் இருந்தால் பெஞ்சுக்குப் போகலாம். கோயிலில் எவ்வளவு காசு இருந்தாலும் இடம் மாறாது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 1872இல் அதை இரண்டு கால்களாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்கும் பகுதி இரண்டு. வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த தடுப்புச் சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. நம் மக்களைப் பிரித்த சுவர்கள் வேறு பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் எழுந்தன. அதாவது, சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தில் இயேசுவைக் காட்டிய அதே ஆண்டுகளில், இயேசுவின் கோயிலுக்குள் மக்கள் சாதி பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். நாலு காசு கொடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடிந்த இயேசுவை, ஞானஸ்நானம் வாங்கியவன் பக்கத்தில் நின்று கும்பிட முடியவில்லை.

பால்கே பார்த்ததும் நாம் பார்த்ததும்

இதே போன்ற ஒரு படம் இந்திய சினிமாவின் பிறப்புக்கும் காரணமாயிற்று. 1910–11 வாக்கில் பம்பாயில் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்த தாதாசாகேப் பால்கே, திரையில் கிறிஸ்து ஓடும்போது தன் மனத்தில் கிருஷ்ணரும் ராமரும் ஓடியதாகப் பின்னாளில் எழுதினார். நம் தெய்வங்களை இப்படித் திரையில் எப்போது பார்ப்போம் என்ற ஏக்கத்திலிருந்து 1913 மே 3இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

அரிச்சந்திரன் கதையை நாம் வேறு இடத்திலிருந்து அறிவோம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரனுக்குக் கல் உண்டு. பிணத்தை அங்கே இறக்கி வைத்து, வெட்டியான் பாடிய பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார்கள். ராஜா ஒருவன் சுடலை காக்கும் நிலைக்கு வந்துவிட்டானே என்று கேட்பவர்களை அழவைக்கும் கதை அது. தலைமுறை தலைமுறையாகச் சுடலை காக்க வைக்கப்பட்டவனுக்காக அந்தக் கதை ஒரு சொட்டுக் கண்ணீர் கேட்பதில்லை. நம் தொழில் அங்கே ராஜாவுக்கு நேர்ந்த தண்டனை. கடைசியில் அவனுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைக்கிறது. சுடுகாடு நமக்கே மிஞ்சுகிறது.

சிலுவைப் படத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே அடிபடுகிறவன் தச்சன் வீட்டுப் பிள்ளை. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவன். தொழுநோயாளியைத் தொட்டதற்கும், ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதற்கும் பேச்சு வாங்கியவன். ஊருக்கு வெளியே இழுத்துச் சென்று கொல்லப்படுகிறான். உயர்ந்த இடத்திலிருந்து நம் இடத்துக்குத் தள்ளப்பட்டவனாக அவன் நம் மக்களுக்குத் தெரியவில்லை. நம் இடத்திலேயே இருந்தவனாகத் தெரிந்தான். பால்கே கிறிஸ்துவைப் பார்த்து ராமரை நினைத்தார். நம் பாட்டிமார் கிறிஸ்துவைப் பார்த்து, பண்ணையில் கட்டிவைத்து அடிக்கப்பட்ட தங்கள் அண்ணன் தம்பிகளை நினைத்தார்கள்.

சினிமாவுக்கு முந்தைய அழுகை

இந்த அழுகையை சினிமா கண்டுபிடிக்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பதினான்கு இடங்களில் முழந்தாளிட்டுச் செய்யும் சிலுவைப்பாதை, மகனை மடியில் கிடத்திய மாதாவின் பிரலாபம், பாஸ்கு நாடகம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இடைக்காட்டூரில் பாஸ்கு நடப்பது உங்களுக்குத் தெரியும். மேடையில் நவாப் ராஜமாணிக்கம் 'இயேசுநாதர்' நாடகம் போட்டுப் பல ஊர் மக்களை உருகவைத்தார்.

நம் பெண்கள் இவற்றோடு இன்னொன்றையும் கொண்டுவந்தார்கள். அது ஒப்பாரி. செத்த வீட்டில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, செத்தவர் பட்ட பாட்டையெல்லாம் வரிசையாகச் சொல்லி அழத் தெரிந்தவர்களுக்கு, பிரலாபம் புரியக் குருவானவரின் விளக்கம் தேவைப்படவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று நாம் அன்போடு அழைத்தவர், நம் மக்களின் நாட்டுப்புற இசையிலேயே இறையியல் இருக்கிறது என்று காட்டினார். அவர் சொன்ன வழியில் பார்த்தால், திரைக்கு முன்னால் அழுத நம் பெண்கள் வெறும் பார்வையாளர்கள் இல்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரு கலையை அங்கே நிகழ்த்தினார்கள்.

1948இல் சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி' வந்தது. எஃப். நாகூர் இயக்க, எம்.வி. ராஜம்மா நடித்த படம். அதே கதையை ஜெமினியும் எடுத்து, சிட்டாடல் படத்துக்கு முன் நிற்க முடியாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்கு மாதா கைகளைத் திரும்பத் தரும் கதை. நாற்று நடவும் களை எடுக்கவும் நெல் புடைக்கவும் கை ஒன்றே சொத்தாக இருந்தவர்களுக்கு, கை போன பெண் என்பது வெறும் கற்பனை இல்லை. இதோ இந்தப் புதுவயல் அரிசி ஆலைகளின் ஊர். கை போனால் என்ன போகும் என்பதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1971இல் வந்த 'அன்னை வேளாங்கண்ணி'யின் பின்னணியில் உள்ள மரபுக் கதையிலும் மாதா காட்சி தருவது பால் சுமந்து போன பையனுக்கும், மோர் விற்ற ஊனமுற்ற பையனுக்கும்தான். பண்ணையாருக்கு அந்தச் செய்தி பையன் வாயால்தான் போய்ச் சேர்ந்தது.

வெள்ளைத் துணி கட்டிய இரவுகள்

1978இல் தெலுங்கில் 'கருணாமயுடு' வெளிவந்தது. தமிழில் 'கருணாமூர்த்தி'. இயக்கியவர் 'பாசமலர்' தந்த ஏ. பீம்சிங், இயேசுவாக நடித்தவர் விஜயசந்தர். தமிழ்க் குடும்பங்களை அழவைக்கத் தெரிந்த கைதான் இயேசு கதையையும் எடுத்தது. அடுத்த ஆண்டு, லூக்கா நற்செய்தியை அடிப்படையாகக் கொண்ட 'இயேசு' படம் அமெரிக்காவில் வெளியாகி, பின்னர் தமிழ் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசியது. கொட்டகை இல்லாத ஊர்களுக்கு இந்தப் படங்கள் ஜீப்பிலும் வேனிலும் வந்தன. ஜெனரேட்டர் சத்தம், இரண்டு கம்புகளுக்கு நடுவே வெள்ளைத் துணி, பாயும் கோணிச் சாக்குமாகத் தரையில் மக்கள். டிக்கெட் கிடையாது.

இந்தப் படங்களைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது: மனந்திரும்புதல். 'உன் பாவத்துக்காக அவர் அடிபட்டார்' என்பதுதான் படம் முடிந்ததும் மைக்கில் சொல்லப்பட்ட செய்தி. அங்கேதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. நாள் முழுக்க வேலை செய்து அரைக்கூலி வாங்கியவள், குளத்தில் தண்ணீர் எடுத்ததற்குக் குடம் உடைபட்டவள், செருப்புப் போட்டு நடந்த மகன் அடிவாங்கியதைப் பார்த்தவள், அவள் எந்தப் பாவத்துக்காக அழ வேண்டும்? மைக் ஒன்றைச் சொன்னது; அவள் கண்ணீர் வேறொன்றைச் சொன்னது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். உலகம் இயேசு பிறப்பைக் கொண்டாடிய இரவு அது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் பத்தாண்டு கழித்து வெள்ளைத் துணிக்கு முன் உட்கார்ந்தது. குற்றமற்றவனை அதிகாரம் கொல்லும், நீதிபதி கை கழுவுவான் என்பதை நம் மக்கள் திரையில் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அழுகை எங்கே திரும்பும்?

கண்ணீர் என்றாலே நல்லது என்று நாம் நம்பிவிடக் கூடாது. ஐரோப்பாவில் பாடுகளின் நாடகங்களும் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களும் மக்களை அழவைத்தன. அந்த அழுகை யூதர்கள்மீது வெறுப்பாகத் திரும்பி அவர்கள் தெருக்களைத் தாக்கியதும் உண்டு. இயேசுவின் சாவுக்கு யூத இனத்தையே பழிக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1965இல், அதிகாரபூர்வமாகச் சொன்னது. 2004இல் மெல் கிப்சனின் 'பேஷன் ஆப் தி கிரைஸ்ட்' வந்தபோது உலகெங்கும் அதே அச்சம் எழுந்தது. அரமாயிக்கிலும் லத்தீனிலும் பேசிய அந்தப் படத்தை நம் ஊர்களில் மொழி புரியாமலேயே பார்த்து அழுதார்கள். சாட்டையடிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அங்கே கண்ணீர் அடுத்தவன்மீது வெறுப்பாகத் திரும்பியது. இங்கே அது எங்கும் திரும்பாமல் அப்படியே காய்ந்துவிட்டது. சாதிக் கிறித்தவரும் அதே படத்தைப் பார்த்தார். அதே காட்சியில் கண்ணைத் துடைத்தார். மறுநாள் கல்லறைச் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. சாமிக்கண்ணு வின்சென்ட் இயேசுவின் படத்தை வாங்கிய அதே திருச்சியில், மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களையும் சாதி பிரித்த சுவர் நம் காலம்வரை பேசப்பட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தங்களுக்கும் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் சிலுவைப்பாதை செய்பவர்கள்தான். திரையில் ரோமச் சிப்பாயை வெறுக்கத் தெரிந்தது. தன் கையில் இருந்த கல்லைப் பார்க்கத் தெரியவில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது.

அரசும் தன் பங்குக்குக் கை கழுவியது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாகக் கொண்டது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கிறார். கோயிலுக்குள் அவர் பறையர், பள்ளர், சக்கிலியர். தாலுகா அலுவலகத்தில் கிறித்தவர். ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் அலையும் ஒருவனின் கதை. பாமாவின் 'கருக்கு' மடத்துக்குள்ளேயே சாதியைக் கண்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் கதை. திரையில் அழுதவர்களின் மிச்ச வாழ்க்கையை அறிய விரும்பும் மாணவர்கள் இந்த இரண்டு நூல்களையும் வாசிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பக்திப் படம் மக்களை மயக்கும் அபின் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நமக்கு எளிது. அப்படிச் செய்தால் நம் பாட்டிமாரின் அழுகையில் இருந்த அறிவை இழந்துவிடுவோம். அநியாயமாக அடிபடும் உடலைப் பார்த்து 'இது தப்பு' என்று சொன்ன அழுகை அது. வேறு எந்த மேடையும் அவர்களுக்கு அந்த இடத்தைத் தரவில்லை. நம் அரசியல் அந்த அழுகையிலிருந்து தொடங்கலாம், அங்கேயே முடிந்துவிடக் கூடாது.

எனவே இங்குள்ள மாணவர்களுக்கு ஒரு வேலை. காரைக்குடிப் பக்கத்துக்குச் சினிமா வரலாறு உண்டு, ஏவி. மெய்யப்பன் 'நாம் இருவர்' எடுத்த ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தது என்று எல்லாப் புத்தகத்திலும் படிக்கலாம். நம் தெருக்களில் வெள்ளைத் துணி கட்டிய இரவுகளை யாரும் எழுதவில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். துணி எந்தத் தெருவில் கட்டப்பட்டது? ஊர்த் தெருவிலா, நம் தெருவிலா? ஊர்த் தெரு என்றால் நம்மவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து படத்தைத் தலைகீழ் இடவலமாகப் பார்த்தார்களா? எந்தக் காட்சியில் அழுதார்கள், அப்போது யார் ஞாபகம் வந்தது? அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பெரிய வெள்ளிக்கும் எங்காவது ஒரு கோயில் முற்றத்தில் படம் போடுவார்கள். போய் உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நம் ஊரில் கல்லறை ஒன்றா, இரண்டா?

ஜெய் பீம்.