தத்துவ போதகரும் நான் பரப்பிய ஒரு பொய்யும்

போன பதிவில் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த எங்கள் காவாந்தண்டலத்துப் பெரியவர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஊர்க் கதையே எழுதறீங்களே சார், நீங்க படிச்ச பிரெஞ்சுப் படிப்பு எதுக்காவது உபயோகப்பட்டுச்சா?" என்று கேட்டார். உபயோகப்பட்டது என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் முதலில் ஞாபகத்துக்கு வந்தது, அந்தப் படிப்பினால் நான் செய்த ஒரு தவறுதான். அதையே எழுதிவிடுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962ல் சட்டப்படி இணைப்பு முடிந்த பிறகும் எங்கள் வகுப்பில் கணக்கும் சரித்திரமும் பிரெஞ்சில்தான் நடந்தன. சரித்திர வாத்தியார் ஒருநாள் வொல்தேரைப் பற்றிப் பாடம் எடுத்தார். பாதிரிமார்களைக் கிண்டல் செய்தே பெயர் வாங்கியவர் வொல்தேர். அந்த மனிதரையே ஒரு பாதிரியார் ஏமாற்றிவிட்டார் என்றார் வாத்தியார். 'எசூர் வேதம்' என்று ஒரு போலி வேதத்தை எழுதி, இது இந்தியர்களின் பழைய நூல் என்று நம்பவைத்தாராம். மதுரையில் இருந்த ராபர்ட் தே நொபிலிதான் அந்தப் பாதிரியார் என்றும் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வந்தேன். எங்கள் பிரிவில் ரொக்கப் புத்தகம் எழுதிய நண்பர் திண்டிவனம் பக்கத்துக் கிறிஸ்தவர். ஒருநாள் டீ நேரத்தில் அவர், தன் பாட்டி தத்துவ போதக சுவாமியைப் பற்றிச் சொன்ன கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டு, "போலி வேதம் எழுதி வொல்தேரையே ஏமாத்தினவர்தானே உங்க ஆளு?" என்று கேட்டுவிட்டேன். பிரிவு முழுக்கச் சிரிப்பு. அவர் கோபப்படவில்லை. "நீங்க பிரெஞ்சு படிச்சவர், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் பாட்டி சொன்ன கதைகள் எதையும் என்னிடம் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பின்தான் நான் நொபிலியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். நான் சொன்னது தவறு என்று அப்போதுதான் தெரிந்தது. நண்பர் அதற்குள் காலமாகிவிட்டார்.

ராபர்ட் தே நொபிலி 1577ல் ரோமில் பிறந்தவர். பிரபுக் குடும்பம். கர்தினால் பெல்லார்மின் அவருக்கு உறவு. இயேசு சபையில் சேர்ந்து, 1605ல் கோவாவில் வந்து இறங்கினார். 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. நாயக்கர் ஆட்சிக் காலம்.

மதுரையில் ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இருந்தார். முன்னாள் சிப்பாய், நல்ல மனிதர். 1595 முதல் அங்கே இருந்தும் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட அவரிடம் ஞானஸ்நானம் பெறவில்லை. கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரதவர்களுக்குப் பூசை வைப்பதோடு அவர் வேலை நின்றது. மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரியும் 'பரங்கி' என்பதுதான் ஜனங்கள் அவரைப் பார்த்த பார்வை. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கிக் குலத்தில் சேருவது என்று நினைத்தார்கள். பாதிரிமார்களும் அந்த வார்த்தையையே வைத்துக்கொண்டு, 'பரங்கி மார்க்கத்தில் சேருகிறாயா' என்று கேட்டு வந்தார்களாம். யார் சேருவார்கள்?

நொபிலி வேறு வழி பிடித்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். நெற்றியில் சந்தனம், காலில் பாதக்குறடு. ஒருவேளைச் சாப்பாடு, அதிலும் புலால் கிடையாது. சிலுவை கோத்த பூணூலும் அணிந்தார். தான் பரங்கி அல்ல, ரோமாபுரியில் ராஜகுலத்துக்குச் சமமான குடும்பத்தில் பிறந்த சந்நியாசி என்று ஓலையில் எழுதி வீட்டு வாசலில் வைத்தார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மன் என்ற தெலுங்கு அந்தணரிடம் சமஸ்கிருதமும் கற்றார். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு தினமும் மணிக்கணக்கில், இருபது நாள் வாதம் செய்தாராம். கடைசியில் அந்த வாத்தியார்தான் அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றார்.

வேஷம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிச் செய்த முதல் ஆள் நொபிலி அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிரேக்கத் தத்துவ ஞானி கிறிஸ்தவரான பிறகும் தத்துவ ஞானிகளின் மேலாடையைக் கழற்றவில்லை. அதை உடுத்திக்கொண்டே ரோமாபுரியில் போதித்தார். நொபிலி காலத்திலேயே மத்தேயு ரிச்சி சீனத்தில் அந்நாட்டுப் படித்தவர்களின் பட்டாடை உடுத்தியிருந்தார்.

அவர் தமிழ் கற்றதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். வீட்டில் பேசிய தமிழ் தவிர, வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஒழுங்காகத் தமிழ் எழுத வராது. நான் எழுதிய முதல் குறிப்பில் 'பார்வை' என்று போட வேண்டிய இடத்தில் 'காட்சி' என்று போட்டேன். கண்காணிப்பாளர் அதைப் பிரிவுக்கே வாசித்துக் காட்டினார். தமிழன் என் கதை இது. அந்த இத்தாலியரோ சில வருஷங்களில் தமிழில் தத்துவம் வாதிடும் அளவுக்கு வந்துவிட்டார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆக்ஷேபம், நித்திய ஜீவன சல்லாபம் எல்லாம் அவர் உரைநடையில் எழுதியவை. தமிழில் விஷயம் என்றால் செய்யுளில்தான் எழுதுவது என்றிருந்த காலம் அது. இந்த நூல்களை நம் காலத்தில் இராசமாணிக்கம் அடிகளார் தேடித் தொகுத்துத் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாகப் பதிப்பித்தார். படிக்கச் சிரமமான நடைதான். வடசொல் நெருக்கமாக இருக்கும். ஆனால் வாதத்தை ஒரு படிகூட விடாமல் ஏறிப் போவார். மறுபிறவியை அவர் மறுப்பதை நான் ஏற்கவில்லை. நான் வேறு நம்பிக்கையில் வளர்ந்தவன். இருந்தாலும் எதிராளியின் கட்சியைச் சரியாகத் தெரிந்துகொண்டு மறுக்கிறாரே, அதற்காகவே வாசித்தேன்.

அவர் விட்டுப்போனவற்றில் பெரியது சொற்கள்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு முன்னால் கடற்கரையில் என்றிக்கு என்றிக்கஸ் அடிகளார் தமிழ் கற்று, 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அது பெரிய சாதனை. ஆனாலும் முக்கியமான சமயச் சொற்கள் பல போர்த்துகீசியத்திலேயே இருந்தன. 'மிஸ்ஸா' என்றால் பூசை. தமிழ்க் காதில் அது மீசை என்று விழுமே! சாமிக்கு மீசை வைப்பதா என்று யாராவது கேட்டால் பாதிரியார் என்ன சொல்வார்? நொபிலி இந்த மண்ணின் சொற்களை எடுத்தார். பூசை, கோயில், குரு, வேதம், ஞானஸ்நானம், சர்வேசுரன் என்ற சொற்களைத் தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் நிலைக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. என் நண்பர் ஞாயிற்றுக்கிழமை 'கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன்' என்றுதான் சொல்வார், 'சர்ச்' என்று சொல்லிக் கேட்டதில்லை.

எதிர்ப்பும் வந்தது. முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு பெர்னாண்டஸேதான். இது கிறிஸ்தவம் இல்லை என்று மேலிடத்துக்கு மனு போட்டார். நொபிலி இந்து ஆகிவிட்டார் என்ற வதந்தி ரோமாபுரி வரை போய், பெல்லார்மினே வருந்திக் கடிதம் எழுதினார். பிறகு விளக்கம் கேட்டு மனம் மாறினார். 1619ல் கோவாவில் விசாரணை நடந்தது. பேராயர் அவருக்கு எதிராக நின்றார். கடைசியில் 1623 ஜனவரி 31ல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர், பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் எல்லாம் சில நிபந்தனைகளோடு இருக்கலாம் என்று உத்தரவு கொடுத்தார். மனு போட்டுப் பதில் வரப் பதின்மூன்று வருஷம். அந்த வேகம் எனக்குப் பழக்கமானதுதான்.

இனி அந்தப் போலி வேதத்துக்கு வருகிறேன். வொல்தேர் கையில் அது கிடைத்தது 1760ல். நொபிலி இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வொல்தேர் அதை ராஜாவின் நூலகத்துக்குக் கொடுத்தார். 1778ல் அது அச்சானது. 1782லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி, இது வேதம் இல்லை, ஒரு பாதிரியார் எழுதிய வாத நூல் என்று எழுதினார். அப்புறம், திருக்குறளில் மனம் பறிகொடுத்த நம் எல்லிஸ் துரை, புதுச்சேரியில் இயேசு சபையார் விட்டுப்போன கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தார். அவர் கட்டுரை அவர் இறந்த பிறகு 1822ல் வெளிவந்தது. இவற்றை நொபிலி எழுதியதாக உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பல காலம் கழித்து மாக்ஸ் முல்லர் மறுத்தார். 1984ல் லூடோ ரோஷே என்ற அறிஞர் தனிப் புத்தகமே எழுதினார். மூலம் பிரெஞ்சில் எழுதப்பட்டது, எழுதியவர் பிரெஞ்சுப் பாதிரிமாரில் ஒருவர், இன்னார் என்று சொல்ல முடியாது என்பது அவர் முடிவு. நொபிலி எழுதியதெல்லாம் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் இத்தாலியத்திலும்.

பழி ஏன் ஒட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். காணாமல்போன ஒரு வேதத்தைத் தான் கொண்டுவந்திருப்பதாக நொபிலியே மதுரையில் பேசியிருக்கிறார். அது அவர் பங்கு. ஆனால் அப்படிப் பேசுவது வேறு, போலிச் சுவடி எழுதுவது வேறு. ஒருவர் கணக்கில் இன்னொருவர் பற்றை எழுதினால் எந்தத் தணிக்கையிலும் ஆட்சேபணை வரும்.

அவர் மீது எனக்கிருக்கும் வருத்தம் வேறு. ஜாதி என்பது உலக வழக்கம், மதத்தைச் சேர்ந்தது அல்ல என்று சொல்லி அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். உயர்குலத்தாருக்கு அந்தண சந்நியாசி போன்ற குரு, 1640 முதல் மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று ஏற்பாடு ஆனது. அந்தண சந்நியாசியாக இருந்தவர் ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. எங்கள் புதுச்சேரிக்கு வந்திருந்த துர்னோன் என்ற பாப்பரசரின் தூதர் 1704ல், நோயாளி எந்த ஜாதியானாலும் குரு அவர் வீட்டுக்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார். அதைச் சுற்றி நாற்பது வருஷம் சண்டை நடந்தது. கோயிலுக்குள் ஜாதிக்காகக் கட்டிய சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுவரை நொபிலி கட்டவில்லை. ஆனால் அஸ்திவாரத்துக்கு இடம் விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. நண்பர் உயிரோடு இருந்தால் இதில் என்னோடு சண்டை போட்டிருப்பார். அல்லது என்னைவிடக் கடுமையாகவே சொல்லியிருப்பார்.

1640ல் மதுரையில் சிறை. பிறகு முதுமையில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றல், அங்கிருந்து மயிலாப்பூர். கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. 1656 ஜனவரி 16ல் மயிலாப்பூரில் இறந்தார். இந்தியாவுக்கு வந்து ஐம்பது வருஷத்தில் ஒருமுறைகூட ரோமாபுரிக்குத் திரும்பிப் போகவில்லை.

நண்பரின் மகன் சென்னையில் இருக்கிறார். பொங்கலுக்குப் போனில் பேசினோம். அப்பா என்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்வார் என்று கேட்டேன். "பிரெஞ்சு சார்னு சொல்வார், நீங்க நிறைய படிச்சவர்னு சொல்வார்" என்றார். இந்தப் பதிவை அச்செடுத்து அவருக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன். அவருக்கு இணையத்தில் படிக்கப் பழக்கமில்லையாம், அப்பாவைப் போலவே.