கையொப்பக்காரரைத் தேடி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் ரயிலில் ஏறினால் சில நிமிடங்களில் திருவிடைமருதூர் வந்துவிடும். மகாலிங்கசுவாமி கோயில், அகன்ற தேரோடும் வீதிகள், தைப்பூசத் திருவிழா என்று ஊருக்குப் பெயர் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொரு பெயரும் இவ்வூருக்கு உரியது. கலைஞருக்கும் புலவருக்கும் கை கொடுக்கக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார் என்ற செய்தி இரண்டு நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஊர்களில் இதுவும் ஒன்று. முன்பின் பழகாத வியாபாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி வாடிக்கை பிடிக்கப் பார்க்கும் இன்றைய இளைஞர்கள் எந்தக் கேள்வியில் திணறுகிறார்களோ, அதே கேள்விக்குக் காவிரிக் கரை தன் வழியில் விடை தேடியிருக்கிறது. அந்தத் தேடல்தான் பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய கதையின் பாதி.

தஞ்சை மராத்திய மன்னர் அமரசிம்மன் 1798இல் பட்டத்தை இழந்தபின் குடியேறிய இடம் திருவிடைமருதூர். அரசு போனாலும் சபை கலையவில்லை. சங்கீத வித்துவான்கள் அவரைச் சூழ்ந்தே இருந்தார்கள். கனம் கிருஷ்ணையர் பொப்பிலி கேசவையாவிடம் கன மார்க்கம் என்னும் பாடும் முறையைக் கற்று அந்தச் சபையில் விளங்கியவர். பின்னாளில் அவர் உடையார்பாளையம் ஜமீனைச் சேர்ந்தார். எந்த ஜமீன்தார் சங்கீதம் அறிந்தவர், எவர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்பவர், எவரிடம் யார் சொன்னால் கதவு திறக்கும் என்பதெல்லாம் அக்காலத்தில் வித்துவான்களிடையே வாய்வழியாக உலவிய விவரங்கள். தவறான வாசலுக்குப் போய்விட்டால் நடந்த தூரமும் வீண், காத்திருந்த நாட்களும் வீண்.

அரண்மனை மங்கிய பிறகு அந்த இடத்தை மடம் எடுத்துக்கொண்டது. மகாலிங்கசுவாமி கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. ஆதீனத்தின் மடம் இவ்வூரிலும் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவானாக இருந்தவர், திருவிடைமருதூர் உலாவைப் பாடியவர். ஊர் ஊராகத் தலபுராணம் பாடித் தரும்படி அவரை அழைத்தவர்கள் பலர். பாடச் சொல்ல ஓர் ஊரும், செலவை ஏற்க ஒரு செல்வரும், கேட்க ஒரு சபையும் சேர்ந்தால் புராணம் அரங்கேறிவிடும். ஓலை எழுத்துக்கு அது போதும்.

அச்சு வந்ததும் கணக்கு மாறியது. புலவர் ஒருவர் ஏடு எழுத ஒரு புரவலர் போதும். ஐந்நூறு பிரதி அச்சிட்டால் ஐந்நூறு பேர் வாங்கவேண்டும். அந்த ஐந்நூறு பேர் எங்கே இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை ஐரோப்பா முன்னமே சந்தித்திருந்தது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹோமரின் இலியத்தை மொழிபெயர்த்து 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டபோது முன்கூட்டியே பேர் கொடுத்த சந்தாதாரர்களை நம்பித்தான் இறங்கினார். அதே முறை தமிழ்நாட்டில் ‘கையொப்பம் வாங்குதல்’ என்று வழங்கியது. நூல் வெளிவருமுன் அதைப்பற்றி ஒரு விளம்பரப் பத்திரிகை அச்சிட்டு அனுப்புவார்கள். இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டுத் தருபவர் கையொப்பக்காரர். சில புத்தகங்களில் அவர்களுடைய பெயர்ப் பட்டியலையே கடைசிப் பக்கங்களில் காணலாம். ஊர், உத்தியோகம், எத்தனை பிரதி என்று வரிசையாகப் போகும் அந்தப் பக்கங்களைப் பலர் புரட்டித் தள்ளிவிடுவார்கள். நூலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பக்கங்கள் அவை. முகவுரையைவிட அவற்றை நிதானமாகப் படிக்கலாம்.

இந்தக் கையொப்ப முறையை நம்பிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரிடம் இனி வருவோம். 1855இல் உத்தமதானபுரத்தில் பிறந்து, மகாவித்துவானிடம் பாடம் கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அந்த ஆண்டு அரியலூரிலிருந்து மாற்றலாகிக் கும்பகோணம் வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கும்படி அவருக்குச் சொன்னவர் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர். 21.10.1880 அன்று நடந்த அந்தச் சந்திப்பில் முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டதும், அந்தக் கேள்வி ஐயரின் வாழ்க்கையையே திருப்பிவிட்டதும் தமிழுலகம் அறிந்தவை. அதில் மடத்துக்கு இருந்த பங்கையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அடுத்த ஏழாண்டு உழைப்புக்கு அடித்தளம் போட்ட அறிமுகம் மடத்திலிருந்தே கிடைத்தது.

3,145 செய்யுளும் நச்சினார்க்கினியர் உரையும் கொண்ட பெரிய நூல் சிந்தாமணி. ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரர் தம் கைப்பணத்தில் அச்சிடக் கூடியதல்ல. கையொப்பம் வாங்கியே ஆகவேண்டும். சமண காவியம் என்பதால் சைவச் செல்வர்களின் ஆதரவை எளிதில் எதிர்பார்க்கவும் முடியாது. ஊருக்கு ஒரு பணக்காரர் என்று பட்டியல் போட்டு எழுதினால் இதற்குப் பயன் இருந்திருக்காது. படிக்கத் தெரிந்தவர், படிக்க விரும்புகிறவர், பணம் கொடுக்க முடிந்தவர் என்ற மூன்றும் ஒருவரிடம் கூடவேண்டும். இதில் எந்த ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயரால் பலன் இல்லை.

அப்படிப்பட்டவர்கள் இருந்த இடங்கள் மூன்று. முதலாவது மடம். ஆதீனத்துக்கு வந்துபோகும் தம்பிரான்கள், மிராசுதார்கள், புலவர்கள் ஆகியோரின் தரம் மடத்துக்கு அத்துபடி. ஆதீனகர்த்தரின் திருமுகம் ஒன்று கையில் இருந்தால் வெளியூரில் உட்கார ஓர் இடம் கிடைக்கும். இரண்டாவது கோர்ட்டுக் கச்சேரி. முன்சீப், வக்கீல், சிரஸ்தேதார் என்று புதிதாக எழுந்த வகுப்பு அது. ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள், தங்கள் மொழியில் இராமாயண பாரதத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாவது கல்லூரி. ஆண்டுதோறும் கும்பகோணம் கல்லூரியிலிருந்து வெளியேறிய மாணவர்கள் ராஜதானியின் பல ஜில்லாக்களுக்கும் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். ஆசிரியரின் கடிதத்தைப் பிரிக்காமல் போடுகிற மாணவர் அரிது.

இந்தப் பட்டியலில் ஒரு சங்கடமும் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஓர் ஊரில் நிலையாக இருக்கமாட்டார். அரியலூர் முன்சீப் கும்பகோணம் வருவார், கும்பகோணத்துக்காரர் வேறெங்கோ போவார். சென்ற வருஷத்து விலாசம் இந்த வருஷம் பழசாகிவிடும். ஆனால் மாற்றலாகிப் போனவர் தாம் வாங்கிய புத்தகத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் புது ஊருக்குக் கொண்டுபோனார். தமிழ்ப் புத்தகம் பரவியதில் சர்க்காரின் மாற்றல் உத்தரவுகளுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கத்தான் வேண்டும்.

காலமும் கைகொடுத்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மாயூரம் ரயில் பாதை 1877இல் திறந்தது. அதே ஆண்டு தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கியது. புத்தகத்தை அனுப்பிவிட்டு, வாங்குகிறவரிடம் தபால்காரர் வழியாகவே பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். 1879 ஜூலையில் காலணா போஸ்ட்கார்டு வந்தது. மறு ஆண்டு மணியார்டர் வேலையைத் தபாலாபீசு ஏற்றுக்கொண்டது. ஐயர் கும்பகோணத்தில் வேலைக்கு அமர்ந்த அந்த வேளையில்தான், முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்தி சொல்லவும் அவரிடமிருந்து பணம் பெறவும் வேண்டிய எல்லாமே பக்கத்துத் தபாலாபீசில் வந்து சேர்ந்திருந்தன.

போஸ்ட்கார்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பழுப்பு நிறத்தில் விக்டோரியா ராணியின் தலையுருவம் அச்சிட்ட முத்திரை ஒரு மூலையில். அந்தப் பக்கம் விலாசத்துக்கு மட்டும். செய்தி மறுபக்கத்தில் அடங்கவேண்டும். க்ஷேமம் விசாரித்து, விஷயம் சொல்லி, பதில் கேட்டு முடிப்பதற்குள் அட்டை நிறைந்துவிடும். ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. ஐம்பது ரூபாய் சம்பளக்காரர் தம் மாதச் சம்பளத்தில் ஐம்பதில் ஒரு பங்கைச் செலவிட்டால் அறுபத்து நான்கு பேருக்கு எழுதிவிடலாம். இதே வேலையை நடந்துபோய்ச் செய்திருந்தால் ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

கார்டு மலிவாகிவிட்டது என்பதற்காக நேரில் போவது நிற்கவில்லை. சிந்தாமணிக்காக ஐயர் சென்னையில் தங்கிக் கையொப்பத்துக்கு அலைந்தார். சென்னையில் இராமசாமி முதலியாரின் பரிச்சயம் பெரிதும் உதவியது. 1885இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து வாக்காளருக்கு எடுத்துரைக்கச் சென்ற மூவரில் ஒருவராக அவர் அப்போது பெயர் பெற்றிருந்தார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பூண்டி அரங்கநாத முதலியாரும் துணை நின்றார். கையெழுத்து வேறு, காசு வேறு என்பதை இந்தத் தொழிலில் இறங்கியவர் எவரும் விரைவில் கற்றுக்கொள்வார். புத்தகம் கைக்கு வந்தபின்தான் பணம் வரும். அச்சகக்காரருக்கும் காகிதக்காரருக்கும் அதற்கு முன்பே கொடுத்தாகவேண்டும். இடைவெளியைக் கடன்தான் நிரப்பும்.

1887 அக்டோபரில் சீவக சிந்தாமணி வெளிவந்தது. அடுத்து பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். ஒவ்வொரு நூலுக்கும் முந்தைய நூலின் வாசகர்களே முதல் பட்டியல். கொழும்பிலிருந்து பொ. குமாரசாமி முதலியார் போன்றவர்கள் உதவினார்கள். 1891இல் பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே கடிதம் எழுதினார். அவருக்குக் கும்பகோணத்திலிருந்து யாரும் எழுதவில்லை. சிந்தாமணியைக் கண்டு அவரே தேடி வந்தார். ஏடு தேடுவதிலும் இதே கதைதான். திருநெல்வேலிச் சீமையில் ஒரு கவிராயர் வீட்டார் இன்னொரு கவிராயர் வீட்டைக் காட்ட, அப்படிப் போய்ப் போய்த்தான் ஆழ்வார்திருநகரியில் பத்துப்பாட்டு கிடைத்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியிலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கும்பகோணத்தில் வக்கீலாக இருந்துகொண்டு பதிப்பு வேலை செய்தார். அவர் பதிப்புகளில் வீரசோழியம் அதற்கு முன்பே 1881இலும், கலித்தொகை 1887இலும் வந்தன. ஏடு தேடியும் புரவலர் தேடியும் அவர் பட்ட பாடும் சிறிதல்ல. ஒரே ஊரில் இருவர், ஒரே வகைப் புத்தகத்துக்கு, ஏறக்குறைய ஒரே ஆட்களை நம்பியிருந்தார்கள். தமிழ் படித்துப் பணம் கொடுக்கக்கூடியவர்களின் வட்டம் அப்போது அவ்வளவு குறுகியது. அந்த நெருக்கடியிலும் இருவரும் நூல்களைக் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மாதப் பத்திரிகைகளும் நாவல்களும் பெருகியபோது கையொப்பம் மெல்ல மறைந்து, விளம்பரமும் வி.பி.பி.யும் அந்த இடத்துக்கு வந்தன. வாசகர் யாரென்று பதிப்பாளருக்குத் தெரியவேண்டிய அவசியம் குறைந்தது. பத்திரிகையில் ஒரு மூலையில் விளம்பரம் போட்டால் கார்டு எழுதிக் கேட்டவர்களுக்குப் பார்சல் போகும். வாங்க மறுத்தால் பார்சல் திரும்பி வரும், தபால் செலவு அனுப்பியவர் தலையில்.

இந்த மாற்றத்தின் நடுவில் 1920இல் கடையத்திலிருந்து பாரதியார் அச்சிட்ட சுற்றுக்கடிதம் ஒன்றை அனுப்பினார். தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி, ஆக நான்கு லட்சம் பிரதி வெளியிட அவர் திட்டமிட்டார். முதல் செலவுக்கு இருபதாயிரம் ரூபாய் வேண்டும், அன்பர்கள் கடனாகத் தரவேண்டும், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல வீடு வீடாகத் தம் புத்தகங்கள் போகும் என்பது அவர் நம்பிக்கை. பணம் வரவில்லை.

வாசகரைப் பற்றி அவர் போட்ட கணக்கு பிழையல்ல. பாரதி பாட்டு இல்லாத தமிழ் வீடு பின்னாளில் அரிதாயிற்று. 1949இல் சென்னை அரசே அவர் நூல்களின் உரிமையை வாங்கி, பின்னர் பொதுவாக்கியது. 1920இல் அவருக்கு இல்லாதவை கும்பகோணத்து ஐயருக்கு இருந்த அந்த மூன்றும்தான்: ஆள் காட்டிவிட ஒரு மடம், கையில் பணம் புரளும் கச்சேரி வட்டம், ஊர் ஊராகப் பரவிய மாணவர் கூட்டம். பல ஆண்டு புதுவையில் ஒதுங்கி வாழ்ந்துவிட்டு, போலீஸ் கண்ணில் இருந்த ஒருவர், ரூபாய் கடன் கேட்டு எழுதிய கடிதத்துக்கு உத்தியோகஸ்தர் எவர் துணிந்து பதில் போடுவார்? சுற்றுக்கடிதம் போன அடுத்த ஆண்டு செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். அந்த நாற்பது புத்தகத் திட்டம் கடைசிவரை நிறைவேறவில்லை.