கடுங்குளிரும் குடியானவன் வீடும்



மார்கழித் திங்களின் வைகறையில் போர்வையை விலக்கி எழுவதற்குச் சோம்பாதவர் நம்முள் மிகச் சிலரே. தமிழகத்துச் சமவெளியில் குளிரின் ஆட்சி அவ்வளவில் அடங்கிவிடும். வெயில் ஏறியதும் அதனை மறந்துவிடுகிறோம். ஆனால், ஒரே ஒரு குளிர்காலம் ஒரு பெருநாட்டின் குடும்பங்களை நிலைகுலையச் செய்த வரலாறும் உண்டு. அது 1709-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது.

அக்காலத்தில் அந்நாட்டை ஆண்டவர் பதினான்காம் லூயி மன்னர். அவருடைய வெர்சேல்ஸ் அரண்மனையைப் பற்றியும், அவர் நடத்திய போர்களைப் பற்றியும் ஆண்டுதோறும் வினாத்தாள் எழுதியவன் நான். அவருடைய குடிகளில் பெரும்பாலோர் வாழ்ந்த கிராமங்களைப் பற்றி ஒரு வினாவேனும் கேட்டேனா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. அக்குறையை இன்று சிறிது தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

முதலில் குடியானவன் வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். வட பிரான்சின் சிற்றூர்களில் ஏழை உழவனின் இல்லம் பெரும்பாலும் ஒரே அறை, மண் தரை, வைக்கோல் வேய்ந்த கூரை, சுவரோரத்தில் ஒரு கணப்பு. சமைப்பதும் அதில்தான், குளிர் காய்வதும் அதில்தான். படுக்கை ஒன்றோ இரண்டோ இருக்கும். தாய் தந்தையரும் பிள்ளைகளும் நெருங்கிப் படுப்பார்கள். சில வட்டாரங்களில் மாடுகளும் அதே கூரையின்கீழ் ஒரு தடுப்புக்கு அப்பால் நிற்கும். அவற்றின் உடற்சூடும் வீட்டாருக்கு உதவியது. குளிர்கால இரவுகளில் அண்டை வீட்டார் ஓரிடத்தில், சிலபோது மாட்டுத்தொழுவத்திலேயே, ஒன்றுகூடுவார்கள். ஒரே விளக்கும் ஒரே நெருப்பும் பல குடும்பங்களுக்குப் பயன்படும். பெண்கள் நூல் நூற்பார்கள். ஆண்கள் கருவிகளைச் செப்பனிடுவார்கள். முதியோர் கதை சொல்வார்கள். வழக்கமான குளிரைத் தாங்குவதற்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

1709-ஆம் ஆண்டின் குளிரோ வழக்கமானதன்று. ஜனவரி மாதத் தொடக்கத்தில் மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தது. 5-ஆம் நாள் இரவு திடீரெனக் கடுங்குளிர் இறங்கியது. மூன்று ராஜாக்கள் திருநாளாகிய 6-ஆம் நாள் பொழுது விடிந்தபோது, ஈர நிலம் கல்லாய் இறுகிக் கிடந்தது. அம்மாதத்தில் பாரிஸ் நகரில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரிக்கும் தாழ்ந்தது என்று பிற்கால அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். ஆறுகள் உறைந்தன. மரங்கள் வெடிச்சத்தத்துடன் பிளந்தன. அரண்மனையிலும் குளிர் புகுந்தது. பெட்டகங்களில் வைத்திருந்த மதுப்புட்டிகள் உறைந்து வெடித்ததை, அங்கு வாழ்ந்த சேன் சீமோன் பிரபு தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

அரண்மனையில் மது உறைந்தது. குடியானவன் வீட்டிலோ உணவே அரிதாகும் நிலை வந்தது. தண்ணீரால் சுழலும் மாவரைக்கும் எந்திரங்கள், ஆறு உறைந்தமையால் நின்றுபோயின. வீட்டில் தானியம் இருந்தும் அதை மாவாக்க வழியில்லை. படகுப் போக்குவரத்தும் நின்றது. பிறந்த குழந்தையை ஓரிரு நாளுக்குள் கோயிலுக்கு எடுத்துச் சென்று ஞானஸ்நானம் செய்விப்பது அந்நாட்டு வழக்கம். அவ்வாண்டு ஜனவரியில் கைக்குழந்தையுடன் கோயிலுக்கு நடப்பதே உயிர் போகும் பயணமாயிற்று. முதியோரும், சிசுக்களும், வீடற்ற வழிப்போக்கரும் குளிருக்கு முதலில் இரையாயினர்.

ஆயினும், பெருந்தீங்கு அந்த முதற்குளிரால் மட்டும் விளையவில்லை. இதனை நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, அடுத்த கோடையில் அறுப்பார்கள். குளிர்காலத்தில் இளம்பயிரின்மேல் பனி படிந்தால், அதுவே போர்வையாகிப் பயிரைக் காக்கும். ஜனவரி மாத இறுதியில் குளிர் தணிந்தது, பனி உருகிற்று. மக்கள் ஆறுதல் அடைந்தனர். ஆனால் பிப்ரவரியில் மீண்டும் குளிர் இறங்கியது. இம்முறை பயிருக்குப் போர்வை இல்லை. ஈரநிலம் வேரோடு உறைந்தது. பல மாகாணங்களில் கோதுமை அடியோடு பட்டுப்போயிற்று. தென்பகுதியில் ஒலிவ மரங்களும், பிற பகுதிகளில் திராட்சைக் கொடிகளும் வாதுமை மரங்களும் பெருவாரியாக மடிந்தன.

வசந்தம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் ஒரே கேள்வி நின்றது. கோதுமை மறுபடி துளிர்க்கும் என்று காத்திருப்பதா? அல்லது நிலத்தை மீண்டும் உழுது பார்லி என்னும் வாற்கோதுமையை விதைப்பதா? விதைப்பதென்றால், பசித்த பிள்ளைகளின் வாய்க்குப் போகாமல் ஒரு பங்கு தானியத்தை மண்ணில் இட வேண்டும். இந்த முடிவு எத்தனை கடினம் என்பது, விதைநெல்லைக் குற்றி உண்ணும் நிலைக்கு வந்த வீடுகளை அறிந்த நம் நாட்டவர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

அனுபவமுள்ள உழவர் பலர் பார்லியை விதைக்கவே துணிந்தனர். பல இடங்களில் அதிகாரிகள் அதனைத் தடுத்தனர். கோதுமை பிழைத்துக்கொள்ளும், அதை உழுது அழிக்கக் கூடாது என்பது அவர்கள் கருத்து. அத்தடையைச் சேன் சீமோன் கடிந்தே எழுதியிருக்கிறார். பின்னர்த் தடை நீங்கியது. அவ்வாண்டில் பார்லி நன்றாக விளைந்தது. அந்தக் கரடுமுரடான பார்லி ரொட்டியே எண்ணற்ற குடும்பங்களின் உயிரைக் காத்தது.

காப்பாற்றப்படாதவர்களும் பலர். ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது, வரிச்சுமை மிகுந்திருந்தது. தானிய விலை பல மடங்கு ஏறியது. கையில் காசுள்ளவன் பிழைத்தான். கூலி வேலை செய்பவன் சாலையில் இறங்கிப் பிச்சை எடுத்தான். பசியால் மெலிந்த உடல்களை நோய் எளிதில் பற்றியது. 1709, 1710 ஆகிய ஈராண்டுகளில், வழக்கத்திற்கு மேற்பட்டு இறந்தவர் தொகை ஏறத்தாழ 6 லட்சம் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். குளிர் அடித்த அடியைவிட, அதன்பின் வந்த பசியும் பிணியும் அடித்த அடியே பெரிது.

எழுதப் படிக்கத் தெரியாத இம்மக்களின் கதை நமக்கு எவ்வாறு தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். பிரான்சில் பங்குக் குருமார் ஞானஸ்நானங்களைப் பதிவு செய்ய வேண்டும் என 1539-ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்தது. நாளடைவில் திருமணமும் அடக்கமும் அவ்வாறே பதிவாயின. 1709-இல் குருமார் பலர், பெயர்களை எழுதும் அந்த ஏடுகளிலேயே, குளிரையும் பஞ்சத்தையும் பற்றிச் சில வரிகளைத் தாமாகவே எழுதி வைத்தனர். அவ்வாறு எழுதுமாறு யாரும் அவர்களுக்கு ஆணையிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அறிஞர் சிலர் இவ்வேடுகளைப் பக்கம் பக்கமாக எண்ணத் தொடங்கினர். பியேர் கூபேர் என்பார் போவே வட்டாரத்தை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் புகழ்பெற்றது. பஞ்ச ஆண்டுகளில் அடக்கங்கள் பெருகுவதையும், திருமணங்கள் குறைவதையும், சில மாதங்கள் கழித்து ஞானஸ்நானங்களும் குறைவதையும் இவ்வாய்வுகள் காட்டின. ஓர் எண் குறைந்தது என்றால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு கலியாணம் தள்ளிப்போயிற்று, ஒரு தொட்டில் வெறுமையாய் நின்றது என்பது பொருள்.

நமக்கும் அந்த ஆண்டோடு ஒரு தொடர்பு உண்டு. பிற்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை சென்னையில் பிறந்தது இதே 1709-இல்தான். 1736 முதல் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு இல்லையேல், அக்காலத்துப் புதுச்சேரி வாழ்வில் எவ்வளவோ நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே, மாணவர்களே, இவ்வார விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் என்ன சமைத்தார்கள்? வெள்ளம் வந்த இரவில் யார் வீட்டில் தங்கினார்கள்? விதைக்கு வைத்ததை எவ்வாறு காத்தார்கள்? அவர்கள் சொல்வதை ஆண்டும் ஊரும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்த ஏட்டுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால், இருநூறு ஆண்டுகளுக்குப்பின் அதைத் தேடி ஒருவர் வரக்கூடும்.