வாடகை மாற்றம், வார – மாத

வருஷத் தொகை மாறாவண்ணம் வார வாடகையை மாத வாடகையாகவும் மாத வாடகையை வார வாடகையாகவும் பெயர்த்துக் கணிக்கும் முறை. வருஷத்தில் 52 வாரங்களும் 12 மாதங்களும் கொள்ளப்படுதலின், வாரத் தொகையை 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க மாதத் தொகையும், மாதத் தொகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வாரத் தொகையும் கிடைக்கும். வாரம் 3,000 ரூபாயெனின் மாதம் 13,000 ரூபாய். 365 நாட்களை ஆதாரமாக்கி, வாரத் தொகையை 7ஆல் வகுத்து, 365ஆல் பெருக்கி, 12ஆல் வகுப்பது சூக்ஷ்மமான முறை. அதன்படி மேற்படி வாடகை 13,035.71 ரூபாயாகும்.

மாதமென்பது நான்கு வாரமே என்று கொள்வது பிரசித்தமான பிழை. வார வாடகையை நான்கால் பெருக்கி மாதத் தொகையாக்கின், வருஷத்தில் 48 வாரங்களே கணக்கிலேறி, நான்கு வார வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்கு நஷ்டமாகும். மாத வாடகையை நான்கால் வகுத்து வாரந்தோறும் அறவிடின், குடியிருப்பவர் வருஷத்தில் பதின்மூன்று மாத வாடகையைச் செலுத்த நேரும். எளியோரைப் பாதிப்பதால் பின்னதே கொடிது.

இலங்கையில், வினாயகபுரம், கல்முனை முதலிய அம்பாறைக் கரையோர ஊர்கள் உட்பட, வீட்டு வாடகை பெரும்பாலும் மாதக் கணக்கிலேயே பேசப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும், குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்குகளுக்கான விதிகளை வகுக்கையில், மாதம் 100 ரூபாய் என்னும் எல்லையைக் கொண்டது. அவுஸ்திரேலியாவிலோ வாடகை வாரக் கணக்கில் விளம்பரப்படுத்தப்பட்டு, பல இடங்களில் மாதந்தோறும் செலுத்தப்படுதலின், அங்குக் குடியேறும் இலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இக்கணிதம் அவசியமாகிறது. ஒப்பந்தத்தில் வாரத் தொகை, மாதத் தொகை, கணித்த முறை ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்வது உத்தமம்.